எஞ்சின் குடிக்கும் புழுதி

காருக்குத் தீனி எது என்று கேட்டால் பெட்ரோல் என்போம். எடைக் கணக்குப் பார்த்தால் அதில் பெரும்பங்கு காற்றுதான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. 50 லிட்டர் தொட்டியைக் காலி செய்வதற்குள் எஞ்சின் 450 கன மீட்டர் காற்றை இழுத்து முடித்திருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவும் பத்தடி உயரமும் உள்ள நம்மூர் அறைகள் பதின்மூன்றில் இருக்கும் காற்று அது.

அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பது நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் இருப்பது அரிஸோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில். பொறியியலில் முதுநிலைப் பட்டம் வாங்கிவிட்டு நிரல் எழுதிப் பிழைப்பவன். வார இறுதிகளில் தார் போடாத பாலைவனச் சாலைகளில் வண்டி ஓட்டுவது பழக்கமாகிவிட்டது. "கழுவித் திரும்பப் போடுகிற ஏர் ஃபில்டர் வாங்கலாமா?" என்று இங்குள்ள தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்குச் சொன்ன பதிலின் விரிவு.

அரிஸோனா மண்ணுக்கு ஒரு பெருமை

உலகெங்கும் காற்று வடிகட்டிகளைச் சோதிக்க ஒரு தரப்படுத்திய தூசியைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு 'அரிஸோனா டெஸ்ட் டஸ்ட்' என்றே பெயர். ஃபீனிக்ஸ் நகரம் அமைந்திருக்கும் சால்ட் ரிவர் பள்ளத்தாக்கின் மண்ணை அள்ளி, சலித்து, அளவுவாரியாகப் பிரித்து விற்கத் தொடங்கியதில் வந்த பெயர். 1997ல் ஐஎஸ்ஓ 12103-1 என்ற தரநிலை இதை முறைப்படுத்தியது. அதன்படி ஏ1 மிக நுண்ணியது; ஏ2 நுண்ணியது; ஏ3 நடுத்தரம்; ஏ4 பருமனானது. இந்த மண்ணில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ். சாதாரண இரும்பையே கீறக்கூடிய கடினம் அதற்கு உண்டு.

நாம் மணல், புழுதி, தூசு என்று பிரித்துச் சொல்கிறோம் அல்லவா? எஞ்சினுக்கும் அந்த வேறுபாடு தெரியும். மணலைத் தடுப்பது எளிது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிமன்தான். அந்தப் படலத்தின் அளவை ஒட்டிய, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் துகள்களே உள்ளே புகுந்து உப்புத்தாள் போலத் தேய்ப்பவை. தேய்ந்த சிலிண்டர் எண்ணெயைக் குடிக்கும், அழுத்தம் குறையும், பிறகு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஃபீனிக்ஸ் என்றதும் பலருக்கு ஹபூப் என்கிற புழுதிச் சுவர் நினைவுக்கு வரும். 2011 ஜூலை 5 அன்று சுமார் 5,000 அடி உயரத்துக்கு எழுந்து ஊரையே மூடியதை நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். ஆனால் வடிகட்டிக்கு அது பெரிய சோதனை இல்லை. புழுதிப் புயலில் சாலையை விட்டு ஒதுங்கி நின்றுவிட வேண்டும் என்பதுதான் இங்கே விதி. உண்மையான சோதனை, மண் சாலையில் இன்னொரு வண்டியின் பின்னால் போவது. முன்வண்டி கிளப்பும் புழுதி முழுவதும் உங்கள் எஞ்சினுக்குத்தான். இடைவெளி விட்டு ஓட்டுவதைப் போல மலிவான காற்று வடிகட்டி வேறு கிடையாது.

99க்கும் 97க்கும் என்ன வித்தியாசம்?

ஆய்வகச் சோதனைகளில் பொதுவாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு கிராம் தூசி கலந்து ஊதுவார்கள். கிட்டத்தட்ட கண்ணை மறைக்கும் புழுதி அது. அப்படிப்பட்ட புழுதியில் ஒரு மணி நேரம் ஓட்டி, பத்து லிட்டர் பெட்ரோல் செலவானதாக வைத்துக்கொள்வோம். 90 கன மீட்டர் காற்று, 90 கிராம் தூசி.

99 சதவீதம் பிடிக்கும் வடிகட்டியைத் தாண்டி 0.9 கிராம் உள்ளே போகும். 97 சதவீதம் பிடிப்பதைத் தாண்டி 2.7 கிராம் போகும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களில் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். எஞ்சினுக்குள் போவதோ மூன்று மடங்கு. ஆகவே எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்காமல் எவ்வளவு விடுகிறது என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் சதவீதம் போட்டிருந்தால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஐஎஸ்ஓ 5011 முறைப்படி சோதித்ததா? ஏ2 தூசியா, ஏ4 தூசியா? பருமனான தூசியில் எல்லாமே நன்றாகத் தேர்ச்சி பெறும். அடுத்து, அது தொடக்கத் திறனா, வடிகட்டி நிரம்பும் வரையிலான மொத்தத் திறனா?

கடைசிக் கேள்விக்குப் பின்னால் சுவையான இயற்பியல் இருக்கிறது. வடிகட்டி என்பது வெறும் சல்லடை இல்லை. நார்களுக்கு இடையிலான துளைகள் பல துகள்களை விடப் பெரியவை. காற்று நாரைச் சுற்றி வளையும்போது வளைய முடியாத கனமான துகள் நேராகப் போய் மோதி ஒட்டிக்கொள்கிறது. சற்றுச் சிறியது நாரை உரசிப் போகையில் சிக்குகிறது. இப்படிப் படிந்த தூசியே அடுத்து வரும் தூசிக்கு வடிகட்டியாகிவிடும். ஆகவே கொஞ்சம் அழுக்கான வடிகட்டி புதியதை விட நன்றாக வடிகட்டும். நம்மூரில் வண்டியை சர்வீஸ் விட்டால் ஏர் ஃபில்டரைக் கழற்றி கம்ப்ரசர் காற்றால் 'புஸ்' என்று ஊதி மாட்டித் தருவார்கள். நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் காகித வடிகட்டியை அப்படி ஊதினால் படிந்த நல்ல அடுக்கு போகும். நார்கள் கிழியவும் கூடும்.

அழுக்கு வடிகட்டி பெட்ரோலைக் குடிக்குமா?

கார்புரேட்டர் காலத்தில் இது ஓரளவு உண்மை. இன்றைய பெட்ரோல் வண்டியில், வரும் காற்றை அளந்து அதற்கேற்பக் கணினி பெட்ரோல் விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் வேண்டுமென்றே வடிகட்டிகளை அடைத்துவைத்துச் சோதித்தது. எரிபொருள் உட்செலுத்தும் புதிய வண்டிகளில் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. வேகம் எடுப்பது மட்டும் மந்தமானது. கூடவே சோதித்த 1972ம் வருடத்துக் கார்புரேட்டர் வண்டியில் மைலேஜ் குறைந்தது. டீசல் எஞ்சினில் காற்று குறைந்தால் கரும்புகை வரும். அது தனிக் கதை.

'தாராளமாகக் காற்று விடும், சக்தி கூடும்' என்பதுதான் மறுபயன் வடிகட்டிகளின் பிரதான விளம்பரம். அன்றாட ஓட்டத்தில் த்ராட்டில் பாதிதான் திறந்திருக்கிறது. காற்றைத் தடுப்பது பெரும்பாலும் அந்தக் கதவு, வடிகட்டி அல்ல. பந்தயத்தில் முழுக்க மிதிப்பவருக்கு வித்தியாசம் தெரியலாம். புழுதிச் சாலையில் போகிற நமக்கு வேண்டியது வேறு.

மறுபயன் வகைகள்

எண்ணெய் தடவிய பருத்தி: கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 1969ல் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் பிரபலமாக்கியது. கம்பி வலைகளுக்கு நடுவே பருத்தி அடுக்குகள். அவற்றில் ஊறிய பிசுபிசுப்பான எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கும். தடை குறைவு, ஆயுள் நீண்டது. ஆனால் நுண்புழுதியில் நல்ல காகிதத்தை விடச் சற்று அதிகமாகவே உள்ளே விடும். எண்ணெய் சீராக இல்லையென்றால் இன்னும் மோசம்.

எண்ணெய் தடவிய நுரை: ஊரில் பல மோட்டார் சைக்கிள்களில் பார்த்திருப்பீர்கள். பாலைவன பைக் ஓட்டிகள் இன்றும் விடாமல் பிடித்திருப்பது இதையே. தடிமன் முழுவதும் தூசியை ஏற்பதால் நிறையக் கொள்ளும். ஆனால் நாள்பட நுரை உதிரும்.

உலர் செயற்கை நார்: எண்ணெய் வேண்டாம், கழுவிக் காயவைத்தால் போதும். தவறு நேர வாய்ப்பு குறைவு.

எண்ணெய்த் தொட்டி: நம்மூர் டிராக்டர்களில் இருப்பது. காற்றை எண்ணெய்ப் பரப்பில் மோதவிட்டுத் திருப்புவார்கள். உழவு வேலைக்கு ஏற்ற முரட்டு ஏற்பாடு. இன்றைய கார்களுக்குப் பொருந்தாது.

என் பரிந்துரை இதுதான். தார்ச் சாலை மட்டும் என்றால் வண்டிக்கு வந்த காகிதமே போதும். வருடத்தில் நாலைந்து முறை புழுதி என்றாலும் காகிதம்தான், சீக்கிரம் மாற்றிக்கொள்ளுங்கள். வாரா வாரம் புழுதி என்றால், சோதனை எண்களை வெளியிட்டிருக்கும் உலர் வகையில் இரண்டு வாங்குங்கள். ஒன்று வண்டியில், மற்றது கழுவிக் காய்ந்து பையில். பைக்குக்கும் பழைய ஜீப்புக்கும் எண்ணெய் நுரை. பருத்தி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கி எறிய வேண்டாம். பராமரிப்பில் கறாராக இருந்தால் போதும்.

கழுவும் முறை

முதலில் எப்போது கழுவக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பார்க்க அழுக்காக இருப்பது காரணமே இல்லை. பருத்தி வகையில் தூசிக்கு அடியில் கம்பி வலை இன்னும் கண்ணுக்குத் தெரிந்தால் கழுவத் தேவையில்லை. வடிகட்டிக்குப் பின்னால் காற்றுத் தடையைக் காட்டும் சிறிய அளவி ஒன்றைப் பொருத்தலாம். லாரிகளில் அது சாதாரணம், ஊகத்துக்கு இடமில்லை.

கழுவும் நாளில் பெட்டியின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திறக்கவும். இல்லையேல் மூடியிலிருக்கும் மண் நேராக உள்ளே விழும். வடிகட்டியை எடுத்ததும் எஞ்சின் பக்கத்துக் குழாய் வாயைச் சுத்தமான துணியால் மூடவும். திரும்ப மாட்டும்போது அந்தத் துணியை எடுக்க வேண்டும் என்பதை எழுதியே வைத்துக்கொள்ளலாம்.

வடிகட்டியைத் தரையில் தட்டாதீர்கள். விளிம்பு நெளிந்துவிடும் என்பது ஒரு காரணம். அரிஸோனாவில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கத்திய மண்ணில் வாழும் காக்ஸிடியாய்டிஸ் என்ற பூஞ்சை, தூசியோடு நுரையீரலுக்குள் போனால் பள்ளத்தாக்குக் காய்ச்சலை உண்டாக்கும். திறந்த வெளியில், நல்ல முகமூடி அணிந்து, முதலில் நனைத்துவிட்டுக் கழுவுவது உத்தமம். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

அதற்கென விற்கும் கழுவு திரவத்தைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், காயவிடாதீர்கள். பிறகு மெதுவாக ஓடும் குழாய்த் தண்ணீரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் செலுத்துங்கள். வெளியிலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். பெட்ரோல், அழுத்தமான பீய்ச்சி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். நுரையைப் பிழியலாம், முறுக்கக் கூடாது. நிழலில் முழுக்கக் காய ஒரு நாள் விடுங்கள். ஈரத்தின் மேல் எண்ணெய் ஒட்டாது.

பருத்திக்கு எண்ணெயை ஒவ்வொரு மடிப்பின் மேலும் மெல்லிய கோடாக விட்டு, இருபது நிமிடம் பொறுத்து, வெளுத்த இடங்களில் மட்டும் மறுபடி தொடவும். நிறம் சீராக இருக்க வேண்டும். சொட்டினால் அதிகம். மிகுதி எண்ணெய் காற்றோடு போய், காற்றை அளக்கும் சூட்டுக்கம்பி உணரியில் படிந்து தொல்லை தரலாம். எஞ்சின் எண்ணெயைப் பதிலுக்கு ஊற்ற வேண்டாம், அது வழிந்துவிடும்.

விளிம்பும் பரிசோதனையும்

வடிகட்டி எவ்வளவு உயர்ந்ததானாலும் அதன் ரப்பர் விளிம்பு பெட்டியில் சரியாக உட்காராவிட்டால் எல்லாம் வீண். காற்று தடை குறைந்த வழியில்தான் போகும். நண்பர் ஒருவர் மலிவு விலை மறுபயன் வடிகட்டி ஒன்றைத் தன் பிக்கப்பில் போட்டிருந்தார். எண்ணெய் மாற்றும்போது சிறு குப்பியில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது அவர் வழக்கம். அந்த முறை அறிக்கையில் சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறியிருந்தன. சிலிக்கான் புழுதியின் சாட்சி, இரும்பு தேய்மானத்தின் சாட்சி. பெட்டியைத் திறந்து பார்த்தோம். பருத்தியில் குறையில்லை. ஒரு மூலையில் விளிம்பு சுருங்கி, அங்கிருந்து எஞ்சின் பக்கமாகப் பழுப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது.

இந்தப் பரிசோதனையை யாரும் செய்யலாம். மண் சாலைப் பயணம் முடிந்ததும் வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் விளிம்பையும் மூடியின் பிடிப்புகளையும் பாருங்கள். விளிம்பில் லேசாக கிரீஸ் தடவினால் சிறு இடைவெளிகள் அடையும். விளக்கைப் பின்னால் பிடித்து வடிகட்டியில் ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்றும் தேடுங்கள். எண்ணெய் ஆய்வை நம்புகிறவர்கள் ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். புதிய எஞ்சினில் பசைகளிலிருந்தும் கேஸ்கட்டுகளிலிருந்தும் சிலிக்கான் கசியும். இரண்டு மூன்று அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. மறுபயன் வடிகட்டி காகிதத்தைப் போல மூன்று நான்கு மடங்கு விலை. கழுவு திரவமும் எண்ணெயும் தனி. அடிக்கடி மாற்றுகிறவருக்கு ஓரிரு வருடங்களில் காசு திரும்பும். வருடம் ஒருமுறை மாற்றுகிறவருக்கு அதற்குள் வண்டியே கை மாறிவிடலாம். மிச்சமாகும் தொகை எப்படியும் சில பத்து டாலர்தான். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் ஆகும். அடுத்த முறை மாற்றும் வேளையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.