சமையல் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை

சென்னை பெசன்ட் நகரில் உள்ள ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளியின் கதை 1894இல் தொடங்குகிறது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான அமெரிக்கர் கர்னல் ஆல்காட், அடையாறை அடுத்த ஊரூரில் சேரிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். ஊர்ப் பள்ளித் திண்ணையில்கூட நம் பிள்ளைகளை ஏறவிடாத காலம் அது. அன்று நமக்கு இட்டிருந்த பெயர் 'பஞ்சமர்'. பள்ளிக்கும் பஞ்சமர் பள்ளி என்றே பெயர்.

பிறகு 1898இல் கோடம்பாக்கம், 1899இல் தேனாம்பேட்டை, 1901இல் மயிலாப்பூர் எனப் பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளி திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டைச் சந்தித்து, 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும் இதே காலத்தில்தான்.

அங்கே என்ன படித்தார்கள்? தமிழில் எழுதப் படிக்க, கணக்கு, கொஞ்சம் பேச்சு ஆங்கிலம், அவற்றோடு சமையல், தையல். துரைமார் வீட்டு வேலைக்குப் போனால் முதலாளி சொல்வது புரிய வேண்டும் என்பது அன்றைய எண்ணம். அமெரிக்க ஆசிரியைகள் வந்தபின் விளையாட்டோடு கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறையும் சேர்ந்தது. பள்ளிக் கதவைத் திறந்துவிட்ட அந்த நல்ல மனம்கூட, நம் பிள்ளை இவ்வளவு படித்தால் போதும் என்று ஓர் அளவு வைத்திருந்தது.

1907இல் ஆல்காட் மறைந்தார். அதே ஆண்டு ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைப் பண்டிதர் தொடங்கினார். வேலைக்குத் தேவையான நாலு எழுத்தோடு நில்லாமல், வரலாறு, இலக்கியம், மருத்துவம், சமயம் அனைத்தையும் நம் மக்கள் விவாதிக்கும் இடமாக அது இருந்தது. ஊரூரில் முளைத்த பள்ளியும் அந்தப் பழைய அளவைத் தாண்டி இன்று மேல்நிலைப் பள்ளியாக நிற்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று நிம்மதி அடையும் பெற்றோரே, பிளஸ் ஒன்னில் உங்கள் பிள்ளைக்கு எந்தப் பிரிவு தருகிறார்கள் என்று கேளுங்கள். விரும்பியதைத் தராமல் "உனக்கு இது போதும்" என்று சொன்னால், காரணம் கேளுங்கள். மாணவர்களே, நீங்களும் கேளுங்கள். 'போதும்' என்பதை நம் சார்பில் வேறொருவர் முடிவு செய்த காலம் நூறாண்டுக்கு முந்தையது. அதை மறுபடியும் வகுப்பறைக்குள் விடக்கூடாது.