ஐந்து நிமிடமும் சொந்த ஊர்ப் பேச்சும்

ஒரு மைக், ஐந்து நிமிடம். பின்னணி இசை கிடையாது, கூட நடிக்க ஆளும் கிடையாது. ஸ்டாண்ட்-அப் போட்டிக்கு வரும் புதியவருக்குத் துணை அவருடைய பேச்சு மட்டுமே. அது எந்த ஊர்ப் பேச்சாக இருக்க வேண்டும்?

தமிழில் இந்த வாசலை அகலத் திறந்தது விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு?'. 2005இல் தொடங்கிய அந்தப் போட்டியின் முதல் பட்டத்தைக் கோவை குணா வென்றார். சிவகார்த்திகேயனும் ரோபோ சங்கரும் அந்த மேடை வழியாகத்தான் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். அங்கே அதிகம் கைதட்டல் வாங்கியது மிமிக்ரி, நடிகர்களின் குரல்.

2020 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வந்த 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' சொந்த அனுபவத்தை மேடைக்குக் கேட்டது. பிரவீன் குமார், கார்த்திக் குமார், ராஜ்மோகன் நடுவர்களாக இருந்தார்கள். அபிஷேக் குமார் வென்றார். ஆனாலும் புதியவர்கள் பழகும் ஓப்பன் மைக் மேடைகள் இன்றும் பெரும்பாலும் பெருநகரங்களில்தான்.

எங்கள் நெல்லைப் பேச்சைத் திரை 'ஏலே'யாகச் சுருக்கிவிட்டது. அதன் சுவை வேறிடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் 'எப்ப வந்திய, எப்பப் போறிய?' என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். அது விரட்டுவதல்ல, எத்தனை நாள் கூட இருப்பார் என்று கணக்குப் பார்க்கும் அன்பு. வெளியூர்க்காரர் திடுக்கிடும் அந்த இடத்திலேயே ஒரு கலைஞனுக்கு வேண்டிய ஐந்து நிமிடமும் கிடக்கிறது.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலுக்கு ஊர்ப் பேச்சைக் கொண்டாடுவதில் உரிமை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த போர்த்துகீசியத் துறவி அண்டிரிக் அடிகளார், இந்தக் கடற்கரை மக்கள் வாயில் புழங்கிய தமிழைக் காதால் கேட்டு அதற்கு இலக்கணம் எழுதினார். பேச்சைத் தாழ்வாக நினைக்காத மரபு அது.

அந்த மரபில் ஒரு வட்டாரப் போட்டி வேண்டும். மீனவர்கள் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை மாலை, கோயில் முற்றம், ஒரே விதி: வீட்டில் பேசுவதுபோலப் பேச வேண்டும். வலை பின்னிக் களைத்த பெரியவர் முதலில் சிரித்துவிட்டால், நடுவருக்கு மதிப்பெண் போடுவது எளிது.