பூக்களின் சூது – 9: மண்ணுக்குள் ஒரு மணப்பெண்

ஆண் குளவியை ஏமாற்றிப் பிழைக்கும் ஆர்க்கிட்டைப் பற்றி 1927-இல் எழுதிய எடித் கோல்மனோடு சென்ற வாரம் ஆஸ்திரேலியாவின் கிழக்கே நின்றோம். அந்தச் சூதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோன பூ கண்டத்தின் மறுகோடியில், பெர்த் நகரைச் சுற்றிய மணல் காடுகளில் இருக்கிறது.

பெயர் டிரக்கேயா. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, தமக்குப் படம் வரைந்துகொடுத்த சாரா ஆன் டிரேக்கைக் கௌரவித்து வைத்த பெயர். ஊர்க்காரர்களுக்கு அது சுத்தியல் ஆர்க்கிட். மணலோடு ஒட்டிக் கிடக்கும் ஒற்றை இலை, நூல்போல ஒரு தண்டு, உச்சியில் ஒரே ஒரு பூ. அதுவும் பூ மாதிரியே இருக்காது. கறுத்த, பருக்கள் நிறைந்த ஓர் இதழ், காம்பில் பூச்சி உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும்.

அந்தப் பூச்சி யார் என்பதில்தான் கதை. இங்குள்ள தின்னிட் குளவிகளில் பெண்ணுக்குச் சிறகு கிடையாது. மண்ணுக்குள் வண்டுப் புழுக்களைத் தேடி, அவற்றின்மேல் முட்டையிட்டு வாழ்பவள். துணை வேண்டும்போது மட்டும் மேலே வந்து, புல் நுனியில் ஏறி மணம் பரப்புவாள். பறந்து வரும் ஆண் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போவான். தேன் இருக்கும் பூவுக்கும் அவனே கொண்டுபோவான். சீர்வரிசை, விருந்து எல்லாம் ஆகாயத்திலேயே!

ஆர்க்கிட் அந்த மணத்தை அப்படியே திருடுகிறது. ஓர் இனத்தில் அது பைரசின் வகைச் சேர்மங்கள் என்று கண்டறிந்திருக்கிறார்கள். ‘பெண்ணை’ப் பிடித்து ஆண் எழும்பியதும், இதழின் காம்பிலுள்ள கீல் மடங்குகிறது. பறந்த வேகமே அவனை எதிர்ப்பக்கம் சுழற்றி அடிக்கிறது. முதுகில் மகரந்தப் பொதி ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு பூவில் மறுபடி ஏமாந்தால் காய் பிடிக்கும். ஒவ்வோர் இன ஆர்க்கிட்டும் பெரும்பாலும் ஒரே ஓர் இனக் குளவியை நம்பியிருக்கிறது.

இனி நிலத்தைப் பாருங்கள். உள்நாட்டில் கோதுமைக்காகக் காடு அழிந்தது. பல வட்டாரங்களில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. கடலோரத்தில் பெர்த்தின் புறநகர்கள் வளர்கின்றன. மிஞ்சிய காட்டுத் துண்டுகள் தீவுகள்போல நிற்கின்றன. ஆர்க்கிட் விதை தூசியைவிடக் கனமில்லை. காற்றில் வயலைத் தாண்டிவிடும். குளவிப் பெண்ணுக்கோ, ஆண் தூக்கிச் செல்லும் தூரம்தான் ஆயுளில் ஒரே பயணம். ஒரு தீவில் அவள் இனம் அற்றுப்போனால், திரும்பிக் குடியேறுவது அரிது. கிழங்கிலிருந்து ஆர்க்கிட் ஆண்டுதோறும் துளிர்க்கும், பூக்கும். பார்ப்பவருக்குக் குறையொன்றும் தெரியாது. காய் மட்டும் இருக்காது.

குளவி இன்னும் இருக்கிறதா என்று கண்டறிய ஆய்வாளர்களிடம் எளிய வழி ஒன்று உண்டு. பூவைப் பறித்துக் காட்டுத் துண்டுக்குள் எடுத்துப்போய்க் காத்திருப்பார்கள். குளவி இருந்தால் சில நிமிடங்களில் ஆண்கள் மொய்ப்பார்கள். பிறகு அந்த இடம் மோசடி என்று தெரிந்து விலகுவார்கள். பூவைச் சற்றுத் தள்ளி வைத்தால் மறுபடி வருவார்கள். எத்தனை இடம் மாற்றியும் யாருமே வராத காட்டில் நாற்று நட்டு வேலி போடுவதில் அர்த்தமில்லை. வண்டுப் புழு வாழும் மண்ணும், விருந்துக்குத் தேன் பூக்களும் அங்கே முதலில் வேண்டும்.

அடுத்த வாரம்: 1928-இல் கொரிகின் ஊரில் ஒரு விவசாயியின் கண்ணில் பட்ட, மண்ணுக்கு அடியிலேயே பூக்கும் ஆர்க்கிட்.