அகதிப் பிள்ளையும் ஆசிரியரும்

அகதி என்னுஞ் சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். 1951 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, துன்புறுத்தப்படுவோம் என்னும் அச்சத்தால் தன் நாட்டெல்லையைக் கடந்தவரையே அகதியெனக் கொள்ளும். புகுந்த நாட்டிலே விண்ணப்பஞ் செய்து விடைக்குக் காத்திருப்பவர் புகலிடம் கோருவோர் ஆவர். எம்மூர் வழக்கு இப்பிரிவுகளை அறியாது. 1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது அயலூர்களினின்றும் ஓடிவந்து காரைதீவுப் பாடசாலை மண்டபங்களில் ஒதுங்கியோரும் அகதிகள். 2004 டிசெம்பர் 26 இல் வளவைக் கடலுக்குக் கொடுத்துக் கூடாரம் புகுந்தோரும் அகதிகள். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்டுப் புத்தளஞ் சேர்ந்த முஸ்லிம் மக்களையும் அப்பெயராலேயே அழைத்தோம். பழைய மாணவருட் பலர் இன்று ஆசிரியராயும் பெற்றோராயும் இருத்தலின், வீடிழந்த பிள்ளையின் உள்ளத்தைப் பேணுதல் பற்றிச் சில கூற எண்ணினோம்.

முதற்கண் எமது பிழையைக் கூறிவிடுதல் முறை. கடல்கோளுக்கு அடுத்த ஆண்டு, யாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், ஆறாம் வகுப்பிலே "எங்கள் வீடு" என்று கட்டுரை எழுதப் பணித்தோம். ஒரு மாணவன் தலைப்பை மட்டும் எழுதி, அதன்கீழ் அளவுகோல் வைத்துக் கோடும் இழுத்து, வெறுங் கொப்பியைத் தந்தான். சோம்பலென்று கருதி இடைவேளையில் வெளியே விடாது இருத்தினோம். அவன் அழவில்லை, மறுமொழியுங் கூறவில்லை. மறுநாள் அவன் பாட்டியார் வந்தார். "வாத்தியார், வீடு கிடந்த இடத்தில கிணத்துக்கட்டு மட்டுந்தான் கிடக்கு. அவன் எதை எழுதுவான்?" என்றார். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அந்நாள்களில் அத்தலைப்பைக் கொடுக்கலாகாதென்பது எமக்குத் தோன்றாமற் போயிற்று.

பிள்ளைகள் தம் துயரைத் துயரென்று சொல்லி வருவது அரிது. வயிற்றுவலி என்பர், தலையிடி என்பர். பத்து வயதுப் பிள்ளை மீண்டும் படுக்கையை நனைக்கும். நன்கு வாசித்தவன் எழுத்துக் கூட்டத் தடுமாறுவான். சாதுவானவன் அடிபிடியில் இறங்குவான். கதவு சற்று வலித்து மூடினால் ஒரு பிள்ளை மேசையின்கீழ் ஒடுங்கும். இவற்றை நாம் மந்தம், குழப்படி, கள்ளம் என்று பெயரிட்டுத் தண்டிக்கின்றோம். எல்லாவற்றிலுங் கவனித்தற்குரியவர் எத்தொல்லையுந் தராது மூலையில் இருப்பவரே. அவரை நல்ல பிள்ளை என்று மெச்சிவிட்டு மறந்துவிடுவோம்.

எல்லாப் பிள்ளைகளும் நோயாளராகிவிடுவதில்லை. பாதுகாப்பும், உற்றார் துணையும், நாடோறும் மாறாத ஒழுங்கும் வாய்ப்பின் பெரும்பாலோர் மெல்லத் தேறுவர். பாடசாலை மணி உரிய நேரத்தில் அடிப்பதே அவர்க்கு ஒரு மருந்து. நடந்ததை வற்புறுத்திச் சொல்லச் செய்தல் தீங்காகவும் முடியலாம். உலக சுகாதார நிறுவனத்தார் பிறருடன் சேர்ந்து 2011 இல் வெளியிட்ட உள முதலுதவிக் கைந்நூல், பார்த்தல், கேட்டல், தக்க உதவியோடு இணைத்தல் என மூன்றையே கூறுகின்றது. கேட்டலாவது, பிள்ளை பேச முன்வரும்பொழுது காதுகொடுத்தல்; துருவி வினாவுதல் அன்று. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களோ, போரினாற் காயமுறுவது தனியாள் மட்டுமன்று, குடும்பமும் ஊருங்கூட என்று விளக்கியுள்ளார். ஆகவே தாய் தேறாமற் பிள்ளை தேறுதல் கடினம்.

இதனைச் செய்துகாட்டிய இடம் ஒன்று எமக்கு வடக்கே மட்டக்களப்பில் எழுந்தது. 1996 இல் கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளும் பிறருடன் சேர்ந்து அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் கிராமங்களினின்றும் பஸ்ஸில் ஏற்றிவந்து ஒன்றாக விளையாடவிட்டனர். களிமண், வர்ணம், கதை, நாடகம், வளர்ப்புப் பிராணிகள் ஆகியனவே அங்கு மருந்துகள். ஒரு பக்கம் நிந்தவூரும் மறுபக்கம் மாளிகைக்காடும் சாய்ந்தமருதுமாக வாழும் எம்மனோர்க்கு, இரு சமூகப் பிள்ளைகளும் ஒரே களிமண்ணைப் பிசைந்தனர் என்பது சிறிய செய்தியன்று. இது கேட்டபின் யாமும் கட்டுரைத் தலைப்பை மாற்றி, "கிணறு" என்று கொடுத்தோம். விரும்பினோர் படமும் வரையலாம் என்றோம். முன்னர் வெறுங் கொப்பி தந்தவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான்.

தமிழ்நாட்டில் 1983 முதல் அமைந்த முகாம்கள் நூற்றுக்கு மேல். 2021 இல் அவற்றின் பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. எஸ். சி. சந்திரகாசன் 1984 இல் தொடக்கிய கழகம் அங்குள்ள பிள்ளைகளின் கல்வியையே முதற்பணியாகக் கொண்டமை பாராட்டற்குரியது. ஆயினும் அங்கே பிறந்து இங்கு வரும் பிள்ளைக்கு இது திரும்புதல் அன்று; காணாத நாட்டுக்குக் குடிபெயர்தலாம். பேச்சு வேறு, பாடத்திட்டம் வேறு. அவர் பேச்சைக் கேட்டு வகுப்பு நகைப்பின் ஆசிரியர் அன்றே தடுத்தல் வேண்டும். மேனாடுகளிற் புகலிடம் கோரிய இளைஞர்க்கோ காத்திருத்தலே நோய். கடிதம் வருமா, திருப்பி அனுப்புவரோ என ஆண்டுகள் கழிய, உறக்கமும் படிப்பும் கெடுகின்றன. அவர்க்கு வீட்டார் தொலைபேசியில், "எப்போது காசு அனுப்புவாய்?" என்று மட்டுங் கேளாதிருப்பதும் ஓர் உதவியே.

வாரங்கள் பல கழிந்தும் உறங்காத, உண்ணாத பிள்ளையைத் தாமதியாது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். சாகவேண்டும் என்று பேசும் பிள்ளைக்கோ ஒருநாளும் பொறுத்தல் ஆகாது. தேசிய உளநல நிறுவனத்தாரின் 1926 என்னுந் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். இவ்விலக்கத்தை எமது ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி ஒட்டியுள்ளோம்.