கன்னியாஸ்திரியின் சம்பளம் யாருக்கு? பெண் ஏன் பூசை வைக்க முடியாது? வத்திராயிருப்பு பக்கத்திலிருந்து கிளம்பிய கேள்விகள்

வத்திராயிருப்பு என்றதும் பிளவக்கல் அணையும், சதுரகிரி மலைக்கு நடந்து போகும் கூட்டமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில்தான் புதுப்பட்டியும் இருக்கிறது. ‘கருக்கு’ எழுதிய பாமாவின் ஊர். 1992-ல் வந்த அந்தச் சின்னப் புத்தகம் தமிழ் இலக்கியத்தை மட்டும் உலுக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்குள் ஒரு பெண்ணுக்கு, அதிலும் தலித் பெண்ணுக்கு என்ன இடம் என்ற கேள்வியையும் நடுவீதிக்குக் கொண்டுவந்து வைத்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறதா, நகர்ந்திருக்கிறதா?

யார் இந்த பாமா?

இயற்பெயர் ஃபாஸ்டினா மேரி ஃபாத்திமா ராணி. 1958-ல் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்தார். பாட்டி நிலக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர். அந்த வீட்டுப் பெண்கள் நாலடி உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்ற, பாட்டி கையேந்திக் குடித்ததை ‘கருக்கு’ படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எழுத்தாளரும் ஆய்வாளருமான மறைந்த ராஜ் கௌதமன் இவருடைய அண்ணன்தான். நல்லா படிச்சா மரியாதை தானா வரும் என்று தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

பாமா படித்தார், ஆசிரியர் ஆனார். தன்னைப் போன்ற ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் வேலையை விட்டுவிட்டு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழு வருஷம் சிஸ்டராக இருந்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, அங்கே கூட்டிப் பெருக்கவும் கக்கூஸ் கழுவவும் தலித் பெண்கள், தன் சாதி தெரியாமல் தன் முன்னாலேயே அந்த சாதியைப் பற்றி இளக்காரமாகப் பேசும் சக சிஸ்டர்கள் என உள்ளே பார்த்ததை எல்லாம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சில சபைகள் தலித் பெண்களைச் சேர்ப்பதே இல்லை என்று பயிற்சிக் காலத்தில் காதுபடக் கேட்டதையும் சேர்த்து.

1992-ல் வெளியே வந்தார். அதே வருஷம் ‘கருக்கு’ வந்தது. பனைமட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம் போல அறுக்குமே, அதுதான் கருக்கு. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தைப் போட்டது மதுரையில் இயேசு சபைக் குருக்கள் நடத்தும் ஆய்வு மையம். அதாவது திருச்சபையைக் கேள்வி கேட்ட புத்தகத்துக்கு திருச்சபைக்குள்ளிருந்தே கை கொடுத்தவர்கள் இருந்தார்கள். எதிர்ப்பு முதலில் கிளம்பியது ஊரில்தான். பாமா சில மாதங்கள் சொந்த ஊருக்குள் போக முடியாமல் இருந்தார். பிறகு லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு கிராஸ்வேர்ட் விருது கிடைத்தது.

சிஸ்டர் ஆவது எப்படி?

நேற்று சேர்ந்து இன்று சிஸ்டர் ஆகிவிட முடியாது. முதலில் சில காலம் மடத்தில் தங்கிப் பழகுவது. அடுத்து நவதுறவகம், இது குறைந்தது 12 மாதம். அது முடிந்தால் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளைத் தற்காலிகமாகக் கொடுக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வருஷம் கழித்துத்தான் நித்திய வார்த்தைப்பாடு.

பலருக்கும் தெரியாத ஒன்று: சிஸ்டர்கள் குருக்கள் வகையில் வர மாட்டார்கள். பூசை வைக்கவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. உலகம் முழுக்க கத்தோலிக்க கன்னியாஸ்திரிகள் ஏறத்தாழ 6 லட்சம் பேர், குருக்கள் சுமார் 4 லட்சம் பேர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அனாதை இல்லம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த திருச்சபையின் முகம் பெரும்பாலும் இந்த 6 லட்சம் பேர்தான். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் நீண்ட காலமாக அந்த 4 லட்சத்துக்குள்ளேயே இருந்தது.

சரி, சம்பளம் என்ன ஆகும்?

இங்கேதான் விஷயம் சிக்கல். அரசு உதவி பெறும் பள்ளியில் ஒரு சிஸ்டர் டீச்சராக இருந்தால், மற்ற டீச்சர்களுக்கு வரும் அதே அரசு சம்பளம் அவருக்கும் வரும். ஆனால் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டதால் அது அவர் பணம் இல்லை. துறவி உழைத்துச் சம்பாதிப்பது சபைக்கே சேரும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 668-வது பிரிவு. பென்ஷனும் அப்படித்தான்.

கைக்கு வராத பணத்துக்கு வரி எதுக்கு? இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போனது. பல பத்தாண்டுகளாக இவர்கள் சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்கப்படவில்லை. 2014 கடைசியில் வருமான வரித்துறை பிடிக்கச் சொன்னது. சபைகள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. துறவறம் ஏற்றவர் சட்டத்தின் கண்ணில் செத்தவருக்குச் சமம், ‘சிவில் மரணம்’ அடைந்தவர், அவருக்கு ஏது வருமானம் என்பது வாதம். 2019-ல் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டிலும், 2024 நவம்பர் 7 அன்று தமிழ்நாடு, கேரளாவிலிருந்து போன 93 மனுக்களை அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் அமர்வு தள்ளுபடி செய்தது. சம்பளம் ஒருவர் பெயரில் வருகிறது, வாங்கிய பிறகு அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது வரிச் சட்டத்துக்கு வேண்டாத விஷயம். சுருக்கமாக இதுதான் தீர்ப்பு.

வரி விவகாரம் முடிந்தது. ஆனால் அந்த ‘சிவில் மரணம்’ என்ற வார்த்தை கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. ஏனென்றால் உள்ளே போனவர் ஒருநாள் வெளியே வந்தால்?

702-வது பிரிவு அதற்கும் பதில் வைத்திருக்கிறது. சபையை விட்டு விலகுபவர், அங்கே செய்த வேலைக்காக எதையும் கேட்க முடியாது. பிரிந்து போகிறவரிடம் சபை நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் அதில் இல்லை. மடத்துக்குள் வாழ்ந்தவருக்குத் தனிச் சேமிப்பு இருக்காது. பிறந்த வீட்டிலும் ‘சாமிக்குக் கொடுத்த பிள்ளை’ திரும்பி வருவதை எல்லோரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. பாமா வெளியே வந்தபோது வேலை இல்லை, கையில் காசு இல்லை. படிப்பு இருந்ததால் மறுபடி ஆசிரியர் ஆனார். அந்தப் படிப்பும் இல்லாதவர்களுக்கு 702-வது பிரிவின் இரண்டாவது பாதிதான் கதி.

பெண்கள் ஏன் குரு ஆக முடியாது?

ஞானஸ்நானம் பெற்ற ஆண் மட்டுமே குருப்பட்டம் பெறலாம் என்பது 1024-வது பிரிவு. இயேசு தேர்ந்தெடுத்த 12 திருத்தூதர்களும் ஆண்கள், அதை மாற்ற திருச்சபைக்கே அதிகாரம் கிடையாது என்று 1994-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் திட்டவட்டமாக எழுதினார். பெண் மட்டம் என்பதால் இல்லை, மாதாவே குருவாக இல்லையே என்பது திருச்சபை தரும் விளக்கம்.

கேட்பவர்கள் சும்மா இல்லை. உயிர்த்த இயேசுவை முதலில் பார்த்து மற்ற சீடர்களுக்குச் சொன்னவர் மகதலா மரியா என்ற பெண்தானே என்கிறார்கள். 2016-ல் அவருடைய ஜூலை 22 நினைவுநாள், திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தப்பட்டது. அவசரம் என்றால் சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும், பிரசவம் பார்க்கும் பெண்ணே கூட, ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. உயிர் போகும் நேரத்தில் செல்லும் கை, பூசையில் ஏன் செல்லாது என்பதுதான் அவர்கள் வாதம்.

கருவறை வாசலில் பெண்ணை நிறுத்துவது கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே சொந்தமான வழக்கம் இல்லைதான். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூஜை செய்வதும் ஆண் பட்டர்கள்தானே.

இப்போ என்ன மாறியிருக்கு?

பீடத்தில் பூசைக்கு உதவ சிறுமிகளையும் அனுமதிக்கலாம் என்று 1994-ல் வந்தது. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016-ல் விதி மாறியது. பூசையில் வாசகம் வாசிக்கும் பணியும் பீடப் பணியும் 2021 ஜனவரியில் பெண்களுக்கு முறைப்படி திறக்கப்பட்டன. நம்ம ஊர்க் கோயில்களில் பெண்கள் எப்போதிலிருந்தோ வாசகம் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

2023 அக்டோபரில் வத்திக்கானில் நடந்த ஆயர்கள் மாமன்றத்தில் முதல் முறையாகப் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள், 54 பேர். 2025 ஜனவரியில் இத்தாலிய சிஸ்டர் சிமோனா பிராம்பில்லா வத்திக்கானில் ஒரு பேராயத்துக்கே தலைவர் ஆனார். துறவற சபைகளைக் கவனிக்கும் பேராயம் அது. சிஸ்டர்களின் விஷயங்களை முடிவு செய்யும் இடத்தில் ஒரு சிஸ்டர் உட்கார இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஆனால் பெண்களுக்குத் திருத்தொண்டர் பட்டம்? அதை ஆராய்ந்த குழு, இப்போதைக்கு முடியாது, இதுவே கடைசித் தீர்ப்பும் இல்லை என்ற ரீதியில் சொன்னது 2025 டிசம்பரில் வெளியானது.

இந்தியாவில்? ஆயர் பேரவை 2010-ல் பாலினக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2016-ல் வந்த தலித் மேம்பாட்டுக் கொள்கையில், நாட்டின் சுமார் 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டது. பாமா எழுதி 24 வருஷம் கழித்து.

மடத்துக்குப் போகாத பெண்கள்?

இவர்களைப் பற்றித்தான் பாமாவின் அடுத்த புத்தகம் ‘சங்கதி’, 1994-ல் வந்தது. புருஷன் அடித்தாலும் கோயிலில் கட்டிய தாலியை அறுக்க முடியாது என்ற நிலையில் இருக்கும் கிறிஸ்தவப் பெண்கள் அதில் வருகிறார்கள். அப்போது நாட்டுச் சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி, மனைவி தவறான உறவில் இருந்தாள் என்று நிரூபித்தாலே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ அதோடு கொடுமை போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-ல்தான் இருவருக்கும் ஒரே விதி வந்தது.

திருச்சபை இன்றைக்கும் விவாகரத்தை ஏற்பதில்லை. அந்தத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று திருச்சபைத் தீர்ப்பாயம் அறிவித்தால் மட்டுமே கோயிலில் மறுமணம். 2015-ல் அந்த நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஆனால் அந்தக் காகிதம் மட்டும் கையில் இருந்தால் போதாது. திருச்சபைத் தீர்ப்பாயத்தின் முடிவு சிவில் சட்டப்படி விவாகரத்து ஆகாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இரண்டு வாசலையும் தட்ட வேண்டும்.

‘சங்கதி’க்கும் ஒரு செய்தி உண்டு. டெல்லி பல்கலைக்கழக ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்தில் இருந்தது. 2021-ல் நீக்கப்பட்டது.