மிஸ்ஸியின் பொறுமையும் கட்டில் கணக்கும்

பத்துமலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது செலாயாங் மருத்துவமனை. கல்லீரல் நோய்க்கும் கை நுண்ணறுவைக்கும் தூரத்து ஊர்களிலிருந்துகூட நோயாளிகளை அங்கே அனுப்புவார்கள். இதுபோன்ற பெரிய ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். தாதியைப் பற்றி, "மிஸ்ஸி முகம் கொடுத்தே பேசலை" என்பார் ஒருவர். "எப்படித்தான் தாங்குறாங்களோ, பாவம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் வேலை நேரத்தைப் பாருங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் பொதுவாக மூன்று ஷிஃப்ட்: காலை 7 முதல் 2, பிற்பகல் 2 முதல் இரவு 9, இரவு 9 முதல் மறுநாள் காலை 7. கடைசி ஷிஃப்ட் முழுசாகப் பத்து மணி நேரம். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துவரை உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும். மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டிய கண்ணும் அதே கண்தான்.

இது உடம்பின் பாடு. மனசின் பாடு வேறு. ஒரு கட்டிலில் உயிர் பிரிந்திருக்கும். திரையை இழுத்து மூடி, அழும் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய், "பசியாறியாச்சா அங்கிள்?" என்று சிரித்துக் கேட்க வேண்டும். இப்படி முகத்தையும் மனசையும் வேலைக்காக அடக்கி ஆள்வதும் உழைப்புதான் என்று 1983இல் எழுதினார் ஆர்லி ஹாக்சைல்ட் என்ற சமூகவியலாளர். சம்பளச் சீட்டில் அதற்கென்று தனித் தொகை கிடையாது.

அப்படியானால் எப்படித் தாங்குகிறார்கள்? கொஞ்சம் விலகி நின்றுதான். இசபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் தாதியரை ஆராய்ந்து 1960இல் எழுதினார். ஒருவர் எல்லாருக்கும் காய்ச்சல் பார்ப்பார், இன்னொருவர் எல்லாருக்கும் படுக்கை மாற்றுவார். யாரும் ஒரே நோயாளியோடு நெடுநேரம் இருப்பதில்லை. நோயாளியைப் பேரால் சொல்லாமல் கட்டில் எண்ணாலும் உறுப்பாலும் சொல்வார்கள். வேலை சுலபமாகட்டும் என்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை, துயரம் நேராக நெஞ்சில் படாமலிருக்க அந்த நிறுவனமே பழக்கிக்கொண்ட வழி இது என்றார் அவர். அதில் ஒரு நஷ்டமும் உண்டு. துயரத்தைத் தடுக்கும் அதே விலகல், நோயாளி குணமாகும்போது கிடைக்க வேண்டிய மகிழ்ச்சியையும் தடுத்துவிடுகிறது.

இந்த விலகல் முற்றினால் என்ன ஆகும் என்பதை 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அளக்க வழி செய்தார்கள். ஆள் முழுக்கக் களைத்துப் போவது, நோயாளி மீது மனம் மரத்துப் போவது, "நான் செய்து என்ன பயன்" என்று தோன்றுவது ஆகிய மூன்றும் பணிச்சோர்வின் அடையாளங்கள். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் இதை நோயாகக் கணக்கில் வைக்கவில்லை, வேலையிடத்தில் உண்டாகும் நிலை என்றே பட்டியலிட்டது. மிஸ்ஸி முகம் கொடுக்காததைத் திமிர் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

தாதியர் தாங்களாகச் செய்துகொள்ளும் வைத்தியமும் நிறைய உண்டு. ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது, பேண்ட்ரியில் தோழியிடம் கொட்டித் தீர்ப்பது, கேலி, கும்பிடு, பகலில் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்குவது. இவை மனசை ஆற்றும், உண்மைதான். ஆனால் மனசை ஆற்றுவது ஒன்று, சிக்கலைத் தீர்ப்பது வேறொன்று. மருந்து கொடுக்கும் வரிசையைத் தாதி மாற்றிக்கொள்ளலாம், தன் பொறுப்பில் எத்தனை கட்டில் என்பதை அவர் மாற்ற முடியாது.

விஷயத்தின் வேர் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன் குழு 2002இல் முடிவை வெளியிட்டது. ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினால், அவர் பணிச்சோர்வு அடையும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடுகிறது. அறுவை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு கூடுகிறது. தாதியின் களைப்பும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கில் வருகின்றன. கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி, தாதிக்கு இத்தனை நோயாளிதான் என்ற வரம்பை 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே மலேசியாவில் தாதியரின் வார வேலையை 42 மணியிலிருந்து 45 ஆக்கும் திட்டம் 2024 டிசம்பர் 1இல் தொடங்க இருந்தது. எதிர்ப்பு எழுந்து அது தள்ளிவைக்கப்பட்டதன் நியாயம் இப்போது புரியும்.

மனசு மிகவும் கனத்துப்போன தாதிக்கும், நமக்கும், சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555 இருக்கிறது. அதில் பேசலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் யோகா வகுப்பும் ஆலோசனையும் ஆள்பற்றாக்குறையை ஈடுகட்டாது. ஆள் கூட்டுவதுதான் முதல் மருந்து.

அதுவரை நம்மால் ஆகக்கூடியதும் உண்டு. குடும்பத்தில் ஒருவரே எல்லாருக்குமாகப் போய்க் கேளுங்கள். ஷிஃப்ட் மாறும் 2 மணிக்கும் 9 மணிக்கும் பொறுப்பு கைமாறிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தை விட்டுவிடுங்கள். கேட்கும் முன் தாதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.