சென்னை இயக்க நரம்பணு நோய்

சென்னை இயக்க நரம்பணு நோய் என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் சிதைவதால் உண்டாகும் அரிய நோய் ஆகும். மருத்துவ நூல்களில் இது 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என நகரின் பழைய பெயராலேயே குறிக்கப்படுகிறது. இளம் வயதில் தொடங்குதல், மெல்ல முற்றுதல், செவித்திறன் இழப்பு ஆகியன இதன் தனித்தன்மைகள் ஆகும். இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை கண்டறியப்படவில்லை. எனவே மறுவாழ்வுப் பயிற்சியும் நோய்த்தணிப்புப் பராமரிப்புமே சிகிச்சையின் முதன்மைக் கூறுகளாக உள்ளன.

வரலாறு

1970 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவர்களான மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பா. ராமமூர்த்தி ஆகியோர் 'நியூராலஜி இந்தியா' இதழில் இந்நோயைப் பற்றி எழுதினர். பின்னர் கர்நாடகம், ஆந்திரம், கேரளம் ஆகிய மாநிலங்களிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். தென்னிந்தியாவுக்கு வெளியே அறியப்பட்டோர் மிகச் சிலரே. பெங்களூர் நிம்ஹான்சு நிறுவனத்தினர் இந்நோயை நெடுங்காலம் ஆய்ந்துள்ளனர். பார்வை நரம்பும் சிறுமூளையும் பாதிக்கப்படும் மாற்று வகை ஒன்றை அவர்கள் 2003 இல் விவரித்தனர்.

அறிகுறிகள்

 * பெரும்பாலும் 30 வயதுக்கு முன் தொடங்கும்.
 * கை, கால் தசைகள் மெலிந்து வலுவிழக்கும். இரு பக்கங்களும் சமமாகப் பாதிக்கப்படுவதில்லை.
 * முகம், நாக்கு, தொண்டைத் தசைகள் தளர்வதால் பேச்சு குழறும், விழுங்குவது கடினமாகும்.
 * உட்செவி அல்லது செவி நரம்பு சார்ந்த கேளாமை ஏற்படும்.

பிற நோய்களிலிருந்து வேறுபாடு

இயக்க நரம்பணு நோய்களில் பரவலாக அறியப்பட்டது ஏ.எல்.எஸ். ஆகும். அது பெரும்பாலும் நடுத்தர வயதிலோ முதுமையிலோ தொடங்கிச் சில ஆண்டுகளில் உயிரிழப்புக்கு இட்டுச்செல்கிறது. சென்னை வகை நோயாளிகள் பலர் பல பத்தாண்டுகள் வாழ்கின்றனர். இரண்டையும் ஒன்றாகக் கருதினால் படிப்பையும் வேலையையும் கைவிட வேண்டிய நிலை தேவையின்றி ஏற்படக்கூடும்.

பிரவுன்-வியலெட்டோ-வான் லேர் நோய்க்கூட்டறிகுறியும் இதே அறிகுறிகளைக் காட்டும். ரைபோஃபிளேவின் (உயிர்ச்சத்து பி2) கடத்திகளின் மரபணு மாற்றமே அதன் காரணம் என்பது 2010 முதல் அறியப்பட்டுள்ளது. அந்நோயாளிகள் பலருக்கு உயர் அளவு ரைபோஃபிளேவின் பயன் தருகிறது. ஆகவே கேளாமையுடன் தொண்டைத் தசைத் தளர்ச்சியும் உள்ள இளையோரிடம் இந்நோய் உள்ளதா எனச் சோதிப்பது முக்கியமானது. சென்னை வகையின் காரணம் உறுதியாக அறியப்படவில்லை.

மறுவாழ்வு

கேளாமை, பேச்சுக் குழறல், கைத்தளர்ச்சி ஆகிய மூன்றும் ஒருவருக்கே நேர்வது இந்நோயின் கடினமான கூறாகும். கை வலுவிழந்தவருக்கு எழுதுவதும் சைகை மொழியும் கடினம். முகத்தசை தளர்வதால் முகக்குறிப்பும் மங்குகிறது. எனவே காது கேட்கும் கருவி, பேச்சுப் பயிற்சி, எழுத்துப் பலகை, கைப்பேசி போன்றவற்றைத் தொடக்கத்திலேயே பழக்குதல் நன்று. இயன்முறை மருத்துவம் மூட்டுகள் இறுகாமல் காக்கிறது. தசைகளைக் களைப்படையச் செய்யும் கடும் பயிற்சி தவிர்க்கப்படுகிறது. கணுக்கால் தாங்கிகள் தடுக்கி விழுவதைக் குறைக்கின்றன.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு

நோய்த்தணிப்பு என்பது இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. நோய் கண்டறியப்பட்ட நாள் முதலே தொடங்கத்தக்கது. நீர்மங்களைக் கெட்டியாக்கித் தருதல், முகவாயைத் தாழ்த்தி விழுங்கப் பழக்குதல் ஆகியவை புரையேறுவதைக் குறைக்கும். விழுங்க இயலாதபோது வயிற்றுக் குழாய் வழி உணவும், மூச்சுத் தசைகள் தளரும்போது முகமூடி வழிச் சுவாச உதவியும் அளிக்கப்படுகின்றன. இவற்றை ஏற்பதா என்பதை நோயாளி பேசும் ஆற்றல் உள்ளபோதே கேட்டறிதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் உதவிகள்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய வடசென்னைப் பகுதியினருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் சென்ட்ரல் அருகிலுள்ள அரசு பொது மருத்துவமனையும் நரம்பியல் பிரிவுகள் கொண்ட அண்மை அரசு மருத்துவமனைகள் ஆகும். 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை மருத்துவத்தையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டுசெல்வதை நோக்கங்களாகக் கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நாட்பட்ட நரம்பியல் நோய்களையும் செவித்திறன் குறைபாட்டையும் பன்முகக் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது.